இடுப்பு எலும்பு முறிவும் நரம்பு விறைப்பு ஊசியும்

முதியவர் ஒருவர் விழுந்து எழ முடியாதிருந்து, அவரது ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் காணப்பட்டால், இடுப்பு எலும்பு முறிந்திருக்கக்கூடும். அவரைத் தூக்கி நிறுத்த முயலாது 999 இலக்கத்தை அழைத்தல் வேண்டும். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கவும் உடை மாற்றவும் அவரை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் கடும் வலி உண்டாகும். அவ்வலியைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று நரம்பு விறைப்பு ஊசியாகும்.

இந்த ஊசி என்ன செய்கிறது?

வைத்தியர்கள் இதனை ‘நேர்வ் புளொக்’ என்பர். இது நோய்த் தடுப்பூசியன்று. முழு மயக்கம் தருவதுமன்று. பல் பிடுங்குமுன் ஈறில் இடப்படும் ஊசியைப் போன்றதே. தொடையும் வயிறும் சேருமிடத்தில், பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் துணையுடன், விறைப்பு மருந்து செலுத்தப்படும். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் பயன் தெரியும். பல மணி நேரம் நீடிக்கும். மோர்பின் போன்ற மருந்துகளின் தேவை குறைவதால், அவற்றால் வரும் தூக்கக் கலக்கமும் வாந்தியும் குறையலாம். சத்திரசிகிச்சையின் போதும் இதனை இடுவதுண்டு.

கவனிக்க வேண்டியவை

கால் மரத்துப் பலமிழந்திருக்கும். தாதியின் உதவியின்றி எழக்கூடாது. ஊசி இட்ட இடத்தில் இரத்தம் கண்டலாம். சிலருக்கு ஊசி போதிய பயன் தராது போகலாம். நரம்புச் சேதம் அரிது. வாயைச் சுற்றி விறுவிறுப்போ காதில் இரைச்சலோ தோன்றினால் உடனே தெரிவிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மாத்திரைகள், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்னரே கூறுங்கள்.

வலியை மறைக்காதீர்கள்

நம் முதியோர் பலர் ‘பரவாயில்லை’ என்றே சொல்லிப் பழகியவர்கள். அச்சொல், வலி இல்லை என மொழிபெயர்க்கப்படக்கூடும். 0 முதல் 10 வரையான எண்ணால் வலியைச் சொல்லுங்கள். அசையும்போது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நைஸ் நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, வந்தவுடனும், முதல் வலிமருந்து கொடுத்து 30 நிமிடங்களுக்குள்ளும், பின்னர் விடுதியில் சேர்க்கப்படும்வரை மணிக்கொரு முறையும் வலி மதிப்பிடப்பட வேண்டும். மறதிநோய் உள்ளோருக்கும் இது பொருந்தும். பரசிற்றமோலும் மோர்பின் வகை மருந்துகளும் போதாவிடின் நரம்பு விறைப்பு ஊசியைக் கருத்திற்கொள்ளுமாறும் அவ்வழிகாட்டி கூறுகிறது. எனவே, “இவருக்கு நேர்வ் புளொக் பொருத்தமா?” எனக் கேட்பது முறையானதே.

சம்மதம்

சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் வைத்தியர் விளக்க வேண்டுமென ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் 2015இல், மொன்ட்கொமரி வழக்கில், தீர்ப்பளித்தது. விளங்காத மொழியில் தரும் விளக்கம் விளக்கமாகாது. தேசிய சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கோரலாம். பிள்ளைகளை அப்பணிக்கு அமர்த்த வேண்டாம்.

நோயாளர் தாமே முடிவெடுக்க இயலாத நிலையில், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அவரது நலனுக்கு உகந்ததையே வைத்தியர் செய்தல் வேண்டும். குடும்பத்தாரின் கருத்தையும் கேட்பர். ஆயினும், சுகாதாரம் குறித்த ‘லாஸ்டிங் பவர் ஒஃப் அற்றோர்ணி’ பத்திரமோ நீதிமன்ற நியமனமோ இன்றி, மகனோ மகளோ அவருக்காகச் சம்மதம் வழங்க இயலாது. பெற்றோர் தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே அப்பத்திரத்தை எழுதிப் பதிவுசெய்துகொள்வது நன்று.