ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்னு சொல்றாங்களா? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி இந்த 30 நிமிஷ செக்

மாசக் கடைசியில கார்ல மஞ்சள் கலர் செக் இன்ஜின் லைட் எரியுது. கராஜ்ல ஸ்கேனரை மாட்டிட்டு, "ஓ2 சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்"னு சொல்றாங்க. செலவு சில ஆயிரம். நம்மில் பலர் உடனே கிரெடிட் கார்டை நீட்டிடுவோம். நானும் ஒரு தடவை நீட்டினேன். புது சென்சார் போட்ட மூணாவது நாள் அதே லைட், அதே கோட். கடைசியில பார்த்தா ஒரு ஃப்யூஸ்தான் போயிருந்தது. பழைய சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கு. எலக்ட்ரிக்கல் பார்ட்ஸை ஸ்பேர் கடையில பொதுவா திரும்ப எடுக்க மாட்டாங்க, அதனால அந்தப் பணம் போனது போனதுதான்.

முதல்ல கோட் நம்பரை எழுதி வாங்குங்க. பி0135ன்னா முன்னாடி இருக்கிற சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட். பி0141ன்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிறது. ரெண்டுலயும் கவனிக்க வேண்டிய வார்த்தை "சர்க்யூட்". சென்சார் செத்துப்போச்சுன்னு அந்தக் கோட் சொல்லலை. ஃப்யூஸ், வயர், கனெக்டர், சென்சாருக்குள்ள இருக்கிற ஹீட்டர், இதுல ஏதோ ஒண்ணுல கோளாறுன்னு மட்டும்தான் சொல்லுது.

ஹீட்டர் எதுக்கு? இந்த சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடானாதான் வேலை செய்யும். காலையில வண்டியை எடுத்ததும் சீக்கிரம் சூடாகட்டும்னு உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வச்சிருக்காங்க. முன் சென்சார்ல அது வேலை செய்யலைன்னா, புகையோட சூட்டிலேயே சென்சார் சூடாகிற வரைக்கும் இன்ஜின் குத்துமதிப்பா பெட்ரோல் ஊத்தும். ஹைவேல போறவங்களுக்கு பெருசா தெரியாது. தினமும் 5 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வர்றவங்களுக்குத்தான் மைலேஜ் அடி வாங்கும். பின் சென்சாரோட முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிக்கிறது, அதனால அதோட ஹீட்டர் போனா மைலேஜ்ல அவ்வளவா வித்தியாசம் இருக்காது. லைட் நிலையா எரிஞ்சு, வண்டியும் சீரா ஓடினா, சம்பளம் வர்ற வரைக்கும் பத்து நாள் பொறுக்கலாம். கடன் வாங்கத் தேவையில்லை. ஆனா லைட் விட்டு விட்டு மின்னினா அது மிஸ்ஃபயர். வண்டியை ஓரங்கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

இப்போ செக்கிங். வண்டி வாரண்ட்டியில இருந்தா எதையும் தொடாதீங்க, நேரா சர்வீஸ் சென்டர். இல்லைன்னா ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும்.

முதல் வேலை ஃப்யூஸ். ஓனர்ஸ் மேனுவல்ல எந்த ஃப்யூஸ்னு இருக்கும். போயிருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க, பத்து இருபது ரூபாய்தான். அதுவும் உடனே போச்சுன்னா எங்கேயோ ஷார்ட். பெரிய ஆம்பியர் போட்டு ஏமாத்தப் பார்க்காதீங்க, வயரிங் எரிஞ்சுடும்.

ஃப்யூஸ் நல்லா இருக்கா? இன்ஜின் முழுசா ஆறினதும் சென்சார் கனெக்டரைக் கழட்டுங்க. சைலன்சர் பைப் சூடு சாதாரண சூடு இல்ல, அவசரப்படாதீங்க. நாலு வயர் சென்சார்ல ஒரே கலர்ல ரெண்டு வயர் இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. அதுதான் ஹீட்டர். சென்சார் பக்கம் அந்த ரெண்டுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. பல கார்கள்ல 2லிருந்து 20க்குள்ள வரும், உங்க மாடலோட சரியான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். மீட்டர் ஓஎல்னு காட்டினா உள்ளே ஹீட்டர் அறுந்துடுச்சு. அப்போ தாராளமா சென்சாரை மாத்துங்க, அது நியாயமான செலவு. அஞ்சு, ஆறு வயர் இருந்தா அது வேற வகை சென்சார், இந்த கலர் கணக்கு அதுக்குப் பொருந்தாது.

ஓம்ஸ் சரியா இருந்தா, வண்டிப் பக்க கனெக்டருக்கு வாங்க. இக்னிஷன் ஆன்ல ஹீட்டர் பின் ஒண்ணுல பேட்டரி வோல்டேஜ், அதாவது சுமார் 12 வோல்ட் வரணும். சில கார்கள்ல இன்ஜின் ஓடினாதான் வரும். அடுத்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, 5 வாட் பார்க்கிங் பல்பு ஒண்ணை அந்த ரெண்டு ஹீட்டர் பின்லயும் இணைங்க. எரிஞ்சாலோ, மினுக்கினாலோ சப்ளையும் எர்த்தும் வருது. 12 வோல்ட் இருந்தும் பல்பு எரியலைன்னா எர்த் பக்கம் பிரச்சினை. அந்த வயர் இசியு வரைக்கும் போகுது. பைப்ல உரசி உருகியிருக்கலாம், கனெக்டர்ல பச்சை பிடிச்சிருக்கலாம், எலி கடிச்சிருக்கலாம்.

எலின்னதும் இன்சூரன்ஸ் ஞாபகம் வரும். சென்சார் தானா பழுதானா கிளெய்ம் கிடையாது, எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனை சாதாரண மோட்டார் பாலிசி விலக்கி வச்சிருக்கு. எலி கடிச்சதுக்கு சில பாலிசியில கிடைக்கும். அதனால வயரை ஒட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, கம்பெனிக்கு போன் பண்ணி கேட்டுடுங்க. சர்வேயர் பார்க்குறதுக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணினா கிளெய்ம் சிக்கலாகும்.

இவ்வளவும் பார்க்க நேரமில்லையா? கராஜ்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, ஹீட்டர் ஓம்ஸ் எவ்வளவு காட்டுச்சு?" நம்பர் சொன்னா பார்த்திருக்கார். மழுப்பினா, செக்கிங் சார்ஜ் தனியா தர்றேன், அளந்துட்டு சொல்லுங்கன்னு கேளுங்க. பார்ட் வாங்கினா, பழைய சென்சாரையும் கையோட வாங்கிட்டு வாங்க. கோடை அழிச்சதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் காலையில ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணி ஓட்டிப் பாருங்க, ஹீட்டர் கோட் திரும்ப வர்றதா இருந்தா பெரும்பாலும் அப்போதான் வரும்.