கொள்ளைநோய்க் காலத்தில் தொண்டு செய்வோருக்கு

2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கு நடைமுறைக்கு வந்து, சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பகுதிகளின் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் அச்சகங்களும் ஒருங்கே கதவடைத்தபோது, அன்றாடக் கூலியில் உலையேற்றிய குடும்பங்களை நோய்க்கு முன்பே பசி வந்தடைந்தது. ஏப்ரலில் அரிசி அட்டைதாரருக்கு அரசு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கிற்று. ஆதலின் தொண்டு புரிய முன்வருவோர், அட்டையில்லாதோர், தனித்து வாழும் முதியோர், வெளிமாநிலத் தொழிலாளர் ஆகியோரைத் தெருவாரியாகக் குறித்துக்கொண்டு, அவர்களிடமிருந்தே விநியோகத்தைத் தொடங்குவது உத்தமம். வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்திய விருதுநகர் வட்டாரத்துக்கு இப்படித் தெருத்தெருவாகத் தொண்டு செய்வது புதிதன்று.

இவ்வட்டாரத்துக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. இதனை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சானிடைசரில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் ஆல்கஹால் இருப்பதால், அது எளிதில் தீப்பற்றும். பட்டாசு மருந்து கலக்கும் அறைகளின் அருகிலும், திரியோ பொடியோ கிடக்கும் வீட்டுத் திண்ணைகளிலும் அதனைக் கொண்டுசெல்லவே வேண்டாம்; அலுமினியப் பொடி படிந்த கைகளுக்குச் சோப்பும் தண்ணீருமாக 20 விநாடி கழுவுதலே பாதுகாப்பு.

நோய் கண்டவரின் இரத்த ஆக்ஸிஜன் அளவை ஆக்ஸிமீட்டர் கருவியால் பார்க்குமுன், விரலில் ஒட்டிய பொடியையும் நகப்பூச்சையும் அகற்றி, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பின்னரே கருவியை மாட்டுக. அளவு 94 சதவீதத்துக்குக் குறைந்தால் காலதாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைத்திடுக. தொண்டர்க்கே காய்ச்சல் கண்டால், அன்றே பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.