எஞ்சிய கேக்கும் சாக்லேட் உருண்டையும்

நெசவாளர்கள் ஒரு பாவை நெய்து முடித்ததும், அச்சிலும் விழுதிலும் நிற்கும் முனை நூல்களை எறிந்துவிடுவதில்லை. புதிய பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து வேலையைத் தொடருகின்றனர். பழைய முனை உறுதியாயிருந்தால் புதிய பாவு தடையின்றி ஓடும். அது இற்றுப் போயிருந்தால் புதிய நூலுக்கும் சேதமே. சமையலறையில் எஞ்சும் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

விழா நாட்களில் வாங்கும் கேக் முழுவதும் அன்றே செலவாவதில்லை. மறுநாள் அது உலர்ந்து உதிரத் தொடங்குகிறது. அதனை வீணாக்காமல், மீண்டும் சுடாமல், சாக்லேட் உருண்டைகளாக மாற்றும் முறையை இங்கே விளக்குகிறோம். இது பிற நாடுகளில் நன்கு வேரூன்றிய வழக்கம். டென்மார்க்கின் ரொட்டிக் கடைகளில் எஞ்சிய கேக் வகைகளைப் பிசைந்து, கொக்கோவும் ரம் மணமும் சேர்த்து உருட்டி விற்கின்றனர். ரஷ்யாவில் கேக்குத் தூளால் செய்யும் இத்தகைய பண்டத்திற்கு, அதன் தோற்றங் கருதி, உருளைக்கிழங்கு என்னும் பொருள்படும் ‘கர்த்தோஷ்கா’ என்ற பெயரே வழங்குகிறது.

எது தகும்? எது தகாது?

இப்பண்டத்தை நாம் மீண்டும் சூடேற்றுவதில்லை. ஆகவே, கேக்கில் கிருமிகள் பெருகியிருந்தால் அவற்றை அழிக்க இங்கே நெருப்பு இல்லை. சாக்லேட்டின் மணம் கெட்ட வாடையை மறைக்குமேயன்றிக் கேட்டைப் போக்காது. இதனை அங்கத்தினர்கள் முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

மூடி வைத்த, இரண்டு நாட்களுக்கு மேற்படாத, கிரீம் பூசாத சாதாரணக் கேக்கே ஏற்றது. பாற்கிரீம் பூசிய கேக் வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்திருந்தால் விலக்குக. ஒரு மூலையில் பூஞ்சணம் தெரிந்தாலும் முழுவதையும் ஒதுக்கிவிடுக. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கலாம். பிறர் கடித்து வைத்த துண்டுகளையும் சேர்த்தலாகாது.

பொருள்கள்

கேக்குத் தூள் 250 கிராம். கறுப்புச் சாக்லேட் 100 கிராம். பழ ஜாம் அல்லது கெட்டிப்பால் 50 கிராம். மேலே புரட்டக் கொக்கோத் தூள் அல்லது உலர்ந்த தேங்காய்த் துருவல் சிறிதளவு. பச்சைத் தேங்காய் விரைவில் கெடுமாதலால் அது வேண்டாம்.

செய்முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரமின்றித் துடைத்துக்கொள்க. கேக்கைக் கட்டியின்றி உதிர்த்து, ஜாமைச் சேர்த்துப் பிசறுக.

2. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுட வைத்து இறக்கி, அதன்மேல் உலர்ந்த கிண்ணத்தைப் பொருத்துக. கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடலாகாது. சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக்கி அதிலிட்டு மெதுவாகக் கிளறினால் உருகிவிடும். ஒரு துளி நீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து மணல்போல் இறுகும். ஜாமை உருகிய சாக்லேட்டிலிடாமல் தூளிலே கலக்கச் சொன்னதும் இதனாலேயே.

3. உருகிய சாக்லேட்டைத் தூளில் ஊற்றிக் கரண்டியால் கலக்குக. சிறிது எடுத்துப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி ஜாம் சேர்க்கலாம். ஒட்டினால் கால் மணி நேரம் குளிர வைக்கலாம்.

4. நெல்லிக்காய் அளவாக, 20 கிராம் எடையில் உருட்டித் தூளில் புரட்டுக. மேற்கூறிய 400 கிராமுக்கு 20 உருண்டைகள் கிடைக்கும். குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும்.

சுடாமலே இவை இறுகுவதற்குக் காரணம் சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய். அது ஏறக்குறைய 34 டிகிரி சென்டிகிரேடில் உருகும். குளிர்ந்தால் கெட்டியாகித் தூளைப் பிணைக்கும். நம் கோடை வெப்பம் அந்த அளவையும் தாண்டுவதால், உருண்டைகளைக் குளிர்பெட்டியிலேயே வைத்து மூன்று நாட்களுக்குள் உண்பது நலம்.

கொக்கோ நமக்கு அந்நியமானதன்று. பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக விளைகிறது. மங்களூரில் 1973-ஆம் ஆண்டு பாக்கு, கொக்கோ விவசாயிகளுக்காகத் தோன்றிய காம்ப்கோ என்னும் கூட்டுறவு நிறுவனம், 1986-ஆம் ஆண்டிலிருந்து புத்தூரில் சாக்லேட் தொழிற்சாலை நடத்தி வருகிறது. விளைவித்தோரே பண்டமாக்கி விற்கும் வழிக்கு அது நல்ல சான்று.

கணக்கும் நேர்மையும்

இரண்டு துண்டுக் கேக்கைக் காப்பாற்றச் சாக்லேட்டுக்குப் புதிதாகச் செலவழிப்பது சிக்கனமாகாது. அதனை அப்படியே உண்பதே மேல். கால் கிலோ அளவேனும் சேரும்போதே இம்முயற்சி பயன் தரும். அளவு சேரட்டுமென்று பல நாள் கேக்கைக் காக்க வைப்பதும் கூடாது.

விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் குழுவினர், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும். முட்டை, பால், கோதுமை, கொட்டைப் பருப்பு ஆகியவை சிலருக்கு ஒவ்வாமையால் பெருந்தீங்கு செய்யுமாதலால், சேர்ந்துள்ளவற்றை மறைக்காமல் குறிப்பிடுக. எஞ்சிய கேக்கால் செய்ததென்று சொல்வதில் இழுக்கில்லை. கெட்டதை நல்லதென்று விற்பதே இழுக்கு. ஐயம் தோன்றும் துண்டை இலாபத்திற்காகச் சேர்க்காமல், தயங்காது தள்ளிவிடுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.