வண்டி சூடாக இருக்கும்போதே சோதியுங்கள்!



"இக்னிஷன் சிஸ்டத்தைப் படம் வரைந்து விளக்குக" என்று கேட்டால் நாம் எல்லோரும் பத்து மார்க்குக்கு எழுதிவிடுவோம். ஆனால் பொறி வராத வண்டி ஒன்று எதிரில் நின்றால் கால் எங்கே போகிறது? நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு! எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

அப்பாவிடம் ஒரு பழைய மொபெட் உண்டு. அதில் பால் கேனைக் கட்டிக்கொண்டுதான் தினமும் சொசைட்டிக்குப் போவார். போன வருஷம் அதற்குப் புதுத் தொல்லை. காலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும். நாலு கிலோமீட்டர் போனதும் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். பிளக் மாற்றினோம், ஹெச்.டி. காயில் மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். தொள்ளாயிரம் ரூபாய் போனது; தொல்லை போகவில்லை. "காயலான் கடைக்குப் போட்டுடலாம்டா" என்றார் அப்பா. "ஒரு ஞாயிற்றுக்கிழமை டைம் குடுங்கப்பா" என்றேன்.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற அந்தக் காலத்து மொபெட்களில் பொறிக்கு பேட்டரி தேவையில்லை. ப்ளைவீல் மேக்னெட்டோ போதும். ப்ளைவீலில் உள்ள காந்தங்கள் சுற்றும்போது ஸ்டேட்டர் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது உச்சத்துக்கு வரும் நேரத்தில் சி.பி. பாயிண்ட் திறக்கிறது. உடனே ஹெச்.டி. காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக் முனையில் பொறியாகப் பாய்கிறது. பாயிண்ட்டிலேயே பொறி விழுந்து சக்தி வீணாகாமல் தடுப்பது கன்டென்சர். பார்க்கத்தான் சுண்டுவிரல் நுனி அளவு!

இன்னொரு விஷயம். பேட்டரி இக்னிஷனில் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்து வண்டியை நிறுத்தும். மேக்னெட்டோவில் அது மின்சாரத்தை எர்த் செய்து நிறுத்தும். அதனால் சுவிட்ச் ஒயர் உரிந்து பாடியில் பட்டாலும் பொறி போய்விடும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் என்ஜின் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து மிதியுங்கள். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறியை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

2. புது பிளக்கில் பாருங்கள். அதன் பிறகு சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் குற்றவாளி சுவிட்ச் அல்லது அதன் ஒயர்.

3. பாயிண்ட்டைத் துடைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் 0.35 முதல் 0.45 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ளதே இறுதி.

4. டைமிங் பார்க்க, பாயிண்ட்டுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகி ப்ளைவீலை மெதுவாகச் சுற்றுங்கள். குறிகள் நேராகும் இடத்தில் தாள் நழுவ வேண்டும். ஒயரைக் கழற்றாமல் மீட்டர் வைத்தால், பாயிண்ட் திறந்திருந்தாலும் காயில் வழியாக இணைப்பு காட்டி ஏமாற்றும்.

ஞாயிறு காலை இதையெல்லாம் செய்து பார்த்தேன். எல்லாம் சரி! பொறி நீலம், இடைவெளி 0.4, டைமிங் கச்சிதம். அப்போதுதான் உறைத்தது: நோய் வருவது சூட்டில், நான் சோதிப்பதோ ஆறிய வண்டியை!

சாயங்காலம் டூல்ஸையும், நல்லது என்று தெரிந்த ஒரு கன்டென்சரையும் எடுத்துக்கொண்டு ஓட்டினேன். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. உடனே பிளக்கைக் கழற்றினேன்: மஞ்சள் பொறி. புது பிளக்கிலும் மஞ்சள். சுவிட்ச் ஒயரைக் கழற்றினேன்: மாற்றமில்லை. ப்ளைவீல் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாயிண்ட்டில் பளிச் பளிச்சென்று தீப்பொறி! மேக்னெட்டோவிலிருந்து வரும் ஒயரும் பாயிண்ட்டும் ஒரே இணைப்புதானே? அந்த ஒயர் முனையில் கையிலிருந்த கன்டென்சரின் ஒயரை கிளிப் போட்டு, அதன் உடலை என்ஜினில் எர்த் செய்து மிதித்தேன். பிளக்கில் நீலப் பொறி!

பழைய கன்டென்சர் சூட்டில் உள்ளே இணைப்பு விட்டுப்போகிறது, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. இது இணைப்பு விட்டுப்போகும் கோளாறுக்கான சோதனை என்பதை மறக்க வேண்டாம். கன்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பழையதைக் கழற்றினால்தான் பொறி வரும்.

மறுநாள் புல்லர் போட்டு ப்ளைவீலை எடுத்து (சுத்தியலால் தட்டாதீர்கள், கிராங்க் கெடும்) கன்டென்சரை மாற்றினேன். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பால் கேனைக் கட்டும்போது, "சொசைட்டி வரைக்கும் நீயும் வாடா" என்றார். போய்த் திரும்பும்வரை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

நண்பர்களே, நாளை நாமும் யாரோ ஒருவர் வண்டியில் கை வைக்கப் போகிறோம். அது அவர் பிழைப்பாக இருக்கும். சோதிக்காமல் மாற்றுகிற ஒவ்வொரு பாகமும் அவர் பையிலிருந்து போகிற பணம். கோளாறு எப்போது வருகிறது என்று முதலில் கேளுங்கள். அது வரும் நேரத்திலேயே சோதியுங்கள்!