மதிலும் திறவுகோலும்

புதுச்சேரி நகரின் நடுப்பகுதியை நீள்வட்டமாகச் சூழ்ந்து செல்லும் சாலையைப் ‘புல்வார்’ என்பர். பண்டு அவ்விடத்தே நின்றது கோட்டை மதில். 1761ஆம் ஆண்டில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அம்மதிலை இடித்தொழித்தனர். 1765இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர் மதிலை மீண்டும் எழுப்ப முற்பட்டனர். 13 ஆண்டுகள் கழிந்தும் அப்பணி முற்றுப்பெறவில்லை. 1778ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆங்கிலேயர் மறுபடியும் முற்றுகையிட்டனர். ஆளுநர் பெல்கோம் அஞ்சாது பொருதார். எனினும், அக்டோபர்த் திங்களில் நகரை ஒப்படைக்க நேர்ந்தது. மதில் முடியும்வரை பகைவர் காத்திருப்பரோ?

இக்காலத்தில் கல்மதில் வேண்டா. கணினிக்கோ காவல் வேண்டும். அலுவலகம் ஒன்றில் கடிதம், கணக்கு, ஊதியம் எனப் பல பணிகளுக்குப் பல மென்பொருள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை நினைவிற்கொள்ளுதல் அரிது. ஆதலின், ஒருமுறை தம்மை மெய்ப்பித்தால் எல்லாக் கதவுகளும் திறக்குமாறு ‘ஒற்றை உள்நுழைவு’ என்னும் முறையை வகுத்தனர். 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்திய அரசு தொடங்கிய ‘மேரி பஹ்சான்’ இவ்வகையினதே. இம்முறையில் நன்மை பெரிது, இடரும் பெரிது. வாயில் ஒன்றே ஆதலால், அதில் விரிசல் கண்டால் வீடு முழுதும் கள்வர்க்கு உரியதாகும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் சிறு நிரற்பகுதியில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. நிகழ்ச்சிகளைக் குறித்துவைப்பதே அதன் தொழில். உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்கள் அதனைத் தம்முள் கொண்டிருந்தன. விஎம்வேர் நிறுவனத்தின் ஒற்றை உள்நுழைவு மென்பொருளும் அவற்றுள் ஒன்று. முதலில் வந்த திருத்தம் போதாதென்று கண்டு, அத்திங்களுக்குள்ளேயே மேலும் மூன்று திருத்தங்களை வெளியிட்டனர். ஒருமுறை செப்பனிட்டோம் என்று ஓய்ந்திருத்தல் ஆகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

திருத்தம் வெளிவரும் நாளில் குறையும் ஊரறிய வெளிப்படுகின்றது. காவலர் படிக்கும் அறிவிப்பைக் கள்வரும் படிப்பர் அன்றோ? ஆதலின், தாழ்த்துந்தோறும் இடர் மிகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பகுதிகளையும் ஒரே பொதியாகக் கட்டி இயக்குவர். அதனைக் ‘கொள்கலன்’ என்பர். கொள்கலன்கள் யாவும் ஒரு மூலப்படிவத்தினின்று வார்க்கப்படுவன. இயங்கும் கொள்கலனை மட்டும் திருத்தி மூலப்படிவத்தை அப்படியே விட்டால், அடுத்து வார்க்கும் கொள்கலனில் பழைய குறை மீண்டும் தோன்றும். அச்சில் கோணல் இருக்கச் செங்கல் நேராகுமோ? எனவே, மூலப்படிவத்தைத் திருத்தி அமைத்து, புதிய கொள்கலனை இயக்கி, பழையதை நீக்குதல் வேண்டும். பிறரிடமிருந்து பெற்ற பொதியாயின், அதனுள் இருப்பவை யாவை என்று ஆராய்ந்து பட்டியலிட்டு வைத்தலும் கடமையாகும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாதவர் அதன் குறையை எங்ஙனம் அறிவர்?

செப்பனிடும் பணிக்கு ஆரவாரம் இல்லை. அதனைச் செய்வாரைப் புகழ்வாரும் சிலரே. எனினும், ஊரார் அச்சமின்றி உறங்குவது அவர்தம் விழிப்பினால்தான்.