எண்களால் அமையும் நிலம்: சிமுலேட்டருக்கு ஒரு ஹைதராபாத் நிலப்படம்

தரையில் இருந்துகொண்டே விமானம் ஓட்டப் பழகுவதற்கு உதவும் கருவிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். ஹைதராபாத் நகருக்கு இக்கருவி புதியதன்று. இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அங்கு நடத்திய மத்தியப் பயிற்சி நிலையத்தில் விமானிகள் இதனைக் கொண்டு பயின்றனர். இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் சிமுலேட்டர் விளையாட்டுக்களும் உள்ளன. 'ப்ளைட்கியர்' போன்ற சிலவற்றில், தமக்கு வேண்டிய ஊரின் நிலப்பரப்பை விளையாடுவோரே அமைத்துச் சேர்க்கலாம். ஹைதராபாதைச் சூழ்ந்த நிலத்தை அவ்வாறு அமைப்பது எங்ஙனம், அதில் பிழை எங்கே நுழையும் என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

நிலம் எண்ணாக மாறுதல்

சிமுலேட்டருக்கு வேண்டிய நிலப்படம் தாளில் வரைந்த கோடுகளன்று. உயரங்களின் அட்டவணையே ஆகும். பூமியின் பரப்பை ஒரு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் ஒன்றுக்கு ஒரு கோப்பு வீதம் அமைப்பது வழக்கம். கட்டத்தின் தென்மேற்கு மூலையே கோப்பின் பெயராகும். ஹைதராபாத் 17 டிகிரி 23 நிமிட வட அட்சத்திலும், 78 டிகிரி 28 நிமிடக் கிழக்குத் தீர்க்கத்திலும் இருப்பதால், அது 'வடக்கு 17, கிழக்கு 78' என்னும் கோப்பில் அடங்கும்.

டிகிரியை 60 நிமிடமாகவும், நிமிடத்தை 60 விநாடியாகவும் பகுத்து, விநாடிக்கு ஓர் உயரம் குறிக்கப்படுகிறது. எனவே ஒரு வரிசையில் 3,600 இடைவெளிகள் உண்டு. இரு ஓரங்களையும் சேர்த்து எண்ணினால் புள்ளிகள் 3,601. ஓரப் புள்ளிகள் அடுத்த கட்டத்திற்கும் பொதுவானவை. ஆதலால் கட்டங்கள் பிளவின்றி இணைகின்றன. கோப்பு முழுவதிலும் 1,29,67,201 உயரங்கள் உள்ளன. இப்புள்ளிகளின் இடைவெளி ஹைதராபாதில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 30.7 மீட்டர்; கிழக்கு மேற்காக 29.5 மீட்டர். இவ்விரண்டையும் சமமெனக் கொண்டால் நகரம் பக்கவாட்டில் நீண்டு தோன்றும்.

உயரம் அறியப்படும் விதம்

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'எண்டவர்' விண்வெளி ஓடம், 60 மீட்டர் இடைவெளியில் அமைந்த இரு ராடார் ஏரியல்களைக் கொண்டு உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை 11 நாட்களில் அளந்தது. நமது நாட்டின் 'கார்ட்டோசாட்-1' செயற்கைக் கோள் 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஏவப்பட்டது. அது வேறொரு முறையைக் கையாண்டது. அதன் ஒரு காமிரா 26 டிகிரி முன்னோக்கியும், மற்றொன்று 5 டிகிரி பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. ஒரே இடத்தை இரண்டும் சுமார் 52 விநாடி இடைவெளியில் கண்டன. நம் இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்வது போல, இவ்விரு படங்களையும் ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கிடலாம். உயரம் 10 மீட்டர் மிகுந்தால், அவ்விடம் ஒரு படத்திலிருந்து மற்றதில் ஏறத்தாழ 6 மீட்டர் விலகித் தோன்றும். இவ்வாறு கிடைத்த அட்டவணையை ஹைதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 'கார்ட்டோடெம்' என்னும் பெயரில் வெளியிட்டுள்ளது.

எதிலிருந்து அளந்த உயரம்?

இங்கேதான் முக்கியமான இடர்ப்பாடு எழுகிறது. ராடார் அட்டவணையின் உயரங்கள் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. கார்ட்டோடெம் உயரங்களோ, பூமியின் உருவத்திற்கு இணையாகக் கணிதத்தால் வகுக்கப்பட்ட வழவழப்பான கோளப் பரப்பு ஒன்றிலிருந்து எண்ணப்பட்டவை. இவ்விரு பரப்புகளும் ஒன்றல்ல. பூமியின் உட்பொருள் எங்கும் ஒரே சீராக இல்லாமையால் ஈர்ப்பு விசை இடத்திற்கிடம் மாறுகிறது. அதற்கேற்பக் கடல் மட்டப் பரப்பும் மேடுபள்ளமாக அமைகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது கணிதப் பரப்பைவிட நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துள்ளது. ஹைதராபாதில் இத்தாழ்வு சுமார் 75 மீட்டர்.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தின் உயரம் கடல் மட்டத்திற்கு மேல் 617 மீட்டர். கணிதப் பரப்பிலிருந்து எண்ணினால் அதே நிலம் ஏறத்தாழ 542 மீட்டர்தான். ஓடுபாதையை முதல் எண்ணாலும், சுற்றியுள்ள நிலத்தை இரண்டாம் எண்ணாலும் அமைத்தால், ஓடுபாதை அந்தரத்தில் தொங்கும்! இது வேடிக்கையோடு முடிவதன்று. கருவிகளின் துணையால் இறங்கும் விமானி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிடில் மீண்டும் மேலேற வேண்டிய உயரம் சாதாரணமாகத் தரையிலிருந்து 200 அடி, அதாவது 60 மீட்டர். நாம் கண்ட பிழை அதனினும் பெரிது. இத்தகைய நிலத்தின்மேல் பழகுபவர் தவறான உயரத்தையே மனத்தில் பதித்துக்கொள்வார்.

அமைக்கும் முறை

முதலாவதாக, எல்லா உயரங்களையும் கடல் மட்டத்திற்குக் கொணர்தல் வேண்டும். தாழ்வின் அளவு இடத்திற்கிடம் மாறுவதால், புள்ளிதோறும் உரிய அளவைக் கூட்டுவதே முறை. இரண்டாவதாக, ஹுசேன் சாகர் போன்ற நீர்நிலைகளைச் சமப்படுத்துக; ராடார் அளவில் நீர்ப்பரப்பு கரடுமுரடாகவே பதிவாகும். மூன்றாவதாக, புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்க வேண்டும். சமநிலத்திற்குச் சில பெரிய முக்கோணங்களே போதும். கோல்கொண்டா போன்ற குன்றுகளுக்குச் சிறியன பல தேவை. நகரைச் சூழ்ந்த கருங்கற்பாறைக் குவியல்களுள் 30 மீட்டருக்குக் குறுகியவை சராசரியில் மறைந்துவிடும். அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். இறுதியில் ஓடுபாதையைப் பொருத்தி, நிறப்படத்தைப் போர்த்தலாம்.

சரிபார்த்தல்

பேகம்பேட்டை விமான நிலையத்தின் உயரம் 531 மீட்டர். ஷம்ஷாபாத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 86 மீட்டர். நம் படத்திலும் அவ்வேறுபாடு கிடைத்தால் போதுமா? போதாது. இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்திருப்பினும் வேறுபாடு மாறாதன்றோ? ஆகவே ஓரிடத்தின் முழு உயரத்தையே ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

இதற்கான சான்று எளிதில் கிடைக்கும். நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்திற்கு மேல் உள்ள உயரம் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்றவற்றங்களை அளந்து, 1909-இல் இந்தியாவின் உயர அளவைக்கு அடிப்படை வகுக்கப்பட்டது. மாணவர்கள் தம் ஊர் நிலையத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அட்டவணையில் அவ்விடத்து உயரத்துடன் ஒப்பிடுக. சில மீட்டர் வேறுபாடு மரங்களாலும் கட்டடங்களாலும் நேர்ந்திருக்கலாம். வேறுபாடு பல பத்து மீட்டராயின், உயரம் எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதை முதலில் விசாரித்தறிந்து, அதன் பின்னரே விமானத்தைக் கிளப்புதல் வேண்டும்.