அலுமினியப் பற்றவைப்பில் நிரப்புக் கம்பி: தேர்வும் தயாரிப்பும்

பஸ்ஸின் கூரைச் சட்டம், படகின் பக்கத் தகடு, ஏணியின் கால் ஆகியவை இன்று பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகங்களால் ஆக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டுப் பட்டறைக்கு வரும்போது, பற்றவைப்பவர் முதலில் கையில் எடுப்பது நிரப்புக் கம்பியாகும். அக்கம்பி எவ்வகையைச் சேர்ந்தது என்னும் கேள்வி பல இடங்களில் எழுவதே இல்லை. அலுமினியத்திற்கு அலுமினியக் கம்பி போதும் என்ற எண்ணத்துடன் வேலை முடிந்துவிடுகிறது. அன்று இணைப்பு பளபளப்பாகவே தோன்றும். ஆயின், பின்னொரு நாள் பாரத்தின்கீழ் அது பிளக்கும்போது விழுபவர் ஏணியின்மேல் நிற்கும் மனிதரே. ஆகவே, கம்பியைத் தேர்ந்தெடுப்பதும் அதைத் தூய்மையாக்குவதும் பற்றவைப்பைப்போலவே முக்கியமான காரியங்களாகும்.

இங்கு விளக்கப்படும் முறையில், டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எழுப்பப்படுகிறது. ஆர்கான் வாயு உருகிய உலோகத்தைக் காற்றினின்று காக்கிறது. பட்டறைகளில் இதனை ‘டிக் வெல்டிங்’ என்றும் ‘ஆர்கான் வெல்டிங்’ என்றும் கூறுவர். டங்ஸ்டன் முனை உருகி இணைப்பில் சேர்வதில்லை; ஆதலின் தேவையான உலோகத்தைத் தனிக் கம்பியால் கையாலேயே ஊட்டவேண்டும்.

கம்பி ஏன் வேறுபடவேண்டும்?

கலப்புலோகங்களின் எண்களிலேயே அவற்றின் தன்மை அடங்கியுள்ளது. நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் 1 ஆயின், அது 99 சதவிகிதத்திற்குக் குறையாத அலுமினியம். 2 என்பது செம்பையும், 4 என்பது சிலிக்கனையும், 5 என்பது மக்னீசியத்தையும், 6 என்பது மக்னீசியம், சிலிக்கன் ஆகிய இரண்டையும் முக்கிய சேர்க்கைகளாகக் காட்டும்.

தூய அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அதே உஷ்ணத்தில் உறையும். 6061 என்னும் கலப்புலோகமோ 652 டிகிரியில் உறையத் தொடங்கி, 582 டிகிரியில்தான் முற்றிலும் திடமாகிறது. இந்த இடைவெளியில் படிகங்கள் திடமாகவும், அவற்றிடையே மெல்லிய திரவப் படலம் எஞ்சியும் இருக்கும். உறையும் உலோகம் சுருங்கும்போது அப்படலம் கிழிகிறது. இதுவே சூட்டு வெடிப்பு. இதனால்தான் 6061 தகடுகளைக் கம்பியின்றி உருக்கி இணைத்தால் இணைப்பின் நடுவே நீளவாட்டில் வெடிப்பு தோன்றுகிறது. அதே தகட்டிலிருந்து வெட்டிய கீற்றைக் கம்பியாகப் பயன்படுத்துவதாலும் இதே தீங்கு விளையும்.

சிலிக்கன் போதிய அளவு சேர்ந்தால், கடைசியில் எஞ்சும் திரவம் மிகுதியாகி, கிழியும் இடங்களில் பாய்ந்து அவற்றை மூடிவிடும். 4043 கம்பியில் ஏறத்தாழ 5 சதவிகிதம் சிலிக்கன் இருப்பதன் நோக்கம் இதுவே. ஆகவே, நிரப்புக் கம்பி இடைவெளியை நிரப்பும் பொருள் மட்டுமன்று. உருகிய குளத்தில் உருவாகும் புதிய உலோகத்தின் சேர்மானத்தை நிர்ணயிப்பதும் அதுவே.

ஒரு சிறு கணக்கு

இணைப்பு உலோகத்தில் சிலிக்கன் ஏறத்தாழ அரை சதவிகிதம் முதல் 2 சதவிகிதம் வரை இருப்பின் வெடிப்புக்கு இடமுண்டு. 6061 தகட்டில் சிலிக்கன் 0.6 சதவிகிதமும் 4043 கம்பியில் 5 சதவிகிதமும் உள்ளன எனக் கொள்வோம். தகடும் கம்பியும் சமபாகமாகக் கலந்தால், இணைப்பில் சிலிக்கன் 2.8 சதவிகிதமாகும், இது பாதுகாப்பான அளவு. தகட்டு உலோகம் ஐந்தில் நான்கு பங்காகவும் கம்பி ஒரு பங்காகவும் கலந்தால், சிலிக்கன் 1.5 சதவிகித அளவிற்கே வரும். இது அபாய எல்லைக்குள் அடங்கும். சரியான கம்பியை எடுத்தும் அதைக் கஞ்சமாக ஊட்டினால் பயனில்லை என்பது இதனால் விளங்கும். தடித்த தகடுகளின் விளிம்பைச் சரிவாகச் சீவிக்கொள்வதன் ஒரு பயன், கம்பி உலோகத்திற்குப் போதிய இடம் கிடைப்பதாகும்.

எதற்கு எக்கம்பி?

மிகுதியாக வழங்கும் கம்பிகள் இரண்டு. ஒன்று மேற்கூறிய 4043. மற்றொன்று ஏறத்தாழ 5 சதவிகிதம் மக்னீசியம் கொண்ட 5356. 6061, 6063, 6082 ஆகியவற்றிற்கு இவ்விரண்டும் பொருந்தும். இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது பொருளின் உபயோகத்தைப் பொறுத்தது.

4043 எளிதில் உருகிப் பாயும், வெடிப்பு குறைவு. 5356 கொண்டு செய்த இணைப்பு அதிக வலிமையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உடையது. பொருளுக்குப் பின்னர் அனோடைசிங் செய்வதாயின் 5356 தகட்டின் நிறத்தோடு ஒத்துப்போகும். 4043 கருஞ்சாம்பல் நிறமாகித் தனியே தெரியும். ஆனால், 65 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் நெடுங்காலம் இருக்கவேண்டிய பொருளுக்கு 5356 ஆகாது. மக்னீசியம் 3 சதவிகிதத்திற்கு மேற்பட்ட உலோகம் அந்நிலையில் அரிப்பினால் வெடிக்கக்கூடும்.

படகுகளில் பயன்படும் 5083 தகட்டிற்கு 5356 அல்லது 5183 கம்பியே உரியது. அதற்கு 4043 கம்பியை உபயோகித்தல் தவறு. தகட்டின் மக்னீசியமும் கம்பியின் சிலிக்கனும் கூடி நொறுங்கும் தன்மையுள்ள சேர்மத்தை மிகுதியாக உண்டாக்கிவிடும். சிலிக்கன் கலந்த வார்ப்புகளுக்கு 4043 ஏற்றது.

சேர்மானத்தின் சிறப்பை விண்வெளித் துறையிலும் காணலாம். 2024 என்னும் செம்புக் கலப்புலோகம் மின்வில் பற்றவைப்பில் எளிதில் வெடிக்கும். ஆகவே விமானங்களில் அதை ரிவெட்டு அடித்து இணைப்பது வழக்கம். ஏறத்தாழ 6.3 சதவிகிதம் செம்பு கொண்ட 2219 அவ்வாறன்றி நன்கு பற்றும். இந்திய ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் தொட்டிகளுக்கு அது பயன்படுகிறது. அதற்குரிய 2319 கம்பியும் செம்பு மிகுந்ததே.

கம்பியால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. 6061 போன்றவை உஷ்ணப் பக்குவத்தால் வலிமை பெற்றவை. பற்றவைக்கும் சூட்டினால் இணைப்பின் இருமருங்கிலும் அவ்வலிமை ஏறத்தாழப் பாதியளவிற்குக் குறையும். எக்கம்பியும் இதைத் தடுக்காது. ஆகையால், ஆளைத் தாங்கும் ஏணியைப் பற்றவைத்து மீண்டும் உபயோகிப்பதைத் தவிர்ப்பதே முறை.

கம்பியின் தடிப்பு

ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டிற்கு 1.6 மில்லிமீட்டர் கம்பியும், 3 மில்லிமீட்டர் தகட்டிற்கு 2.4 மில்லிமீட்டர் கம்பியும், 6 மில்லிமீட்டர் தகட்டிற்கு 3.2 மில்லிமீட்டர் அல்லது அதனினும் தடித்த கம்பியும் சாதாரணமாகப் பொருந்தும். ஒரே எடையுள்ள உலோகத்தை ஊட்ட, 1.6 மில்லிமீட்டர் கம்பியின் மேற்பரப்பு 2.4 மில்லிமீட்டர் கம்பியைவிட ஒன்றரை மடங்காகிறது. மேற்பரப்பு மிகுந்தால் அதில் ஒட்டிய மாசும் மிகுதியாகக் குளத்தில் சேரும். எனவே, வேலைக்கு ஏற்ற அளவில் தடித்த கம்பியே நன்று.

தூய்மையாக்கும் முறை

காற்றுப்பட்ட கணத்திலேயே அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் படிகிறது. அது உருக 2,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். அன்றியும் அது அலுமினியத்தினும் கனமானது. மாறு மின்சாரத்தில், தகடு எதிர்முனையாக இருக்கும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் மின்வில் தகட்டின் படலத்தைச் சிதைக்கிறது. கம்பிக்கோ இவ்வுதவி கிட்டுவதில்லை. கம்பியின் மாசை நீக்குவது மனிதரின் கைவேலையே.

மற்றொரு பகை ஹைட்ரஜன். ஈரம், எண்ணெய், கிரீஸ் ஆகியவை மின்வில்லின் சூட்டில் ஹைட்ரஜனைத் தருகின்றன. உருகிய அலுமினியம், திடநிலையில் தான் கொள்ளக்கூடியதைப்போல் சுமார் இருபது மடங்கு ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அது வெளியேற வழியின்றி நுண்துளைகளாகத் தங்கிவிடும்.

தயாரிப்பின் வரிசை பின்வருமாறு:

1. கம்பிகளை மூடிய குழாயில் உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்தவற்றை, பட்டறையின் உஷ்ணத்திற்கு வந்தபின்னரே திறக்கவேண்டும்.

2. கம்பியை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்கவேண்டும். துணி கறுக்காத வரை இதைத் திரும்பச் செய்க.

3. பழைய கம்பியாயின், பின்னர் துருப்பிடிக்காத எஃகு நாரினால் தேய்த்து மறுபடியும் துடைக்கவேண்டும். எண்ணெயை நீக்குமுன் தேய்த்தல் தவறு. அது மாசை உலோகத்தில் அழுத்திவிடும். இந்நாரையும், தகட்டைத் தேய்க்கும் தூரிகையையும் வேறு உலோகங்களுக்குப் பயன்படுத்தலாகாது.

4. துடைத்த கம்பியை வெறுங்கையாலோ எண்ணெய் பட்ட கையுறையாலோ தொடலாகாது.

5. பற்றவைக்கும்போது கம்பியின் சூடான நுனி ஆர்கான் திரைக்குள்ளேயே இருக்கவேண்டும். வெளியே வந்து உருண்டு கறுத்த நுனியை வெட்டி எறியவேண்டும்.

6. எண் பொறித்த முனையைக் கடைசிவரை காக்கவேண்டும். எண் தெரியாத கம்பியைப் பொறுப்பான வேலைக்கு உபயோகிக்கலாகாது.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அது முற்றிலும் உலர்ந்த பின்னரே மின்வில்லை எழுப்பவேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்களை அருகிலும் வைக்கலாகாது. மின்வில்லின் ஒளியிலும் சூட்டிலும் அவற்றின் ஆவியிலிருந்து ஃபாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகக்கூடும்.

மாணவர்க்கு இரு சோதனைகள்

ஆசிரியர்கள் மேற்கண்ட உண்மைகளைக் கண்கூடாகக் காட்டலாம். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள 6061 துண்டுகளை இறுகப் பிடித்து, ஒரு ஜோடியைக் கம்பியின்றியும் மற்றொரு ஜோடியை 4043 கம்பியை ஊட்டியும் இணைக்கவேண்டும். ஆறியபின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், முதல் ஜோடியின் நடுவில் பெரும்பாலும் வெடிப்புக் கோடு தெரியும்.

அடுத்து, இரு தகடுகளைக் கவிழ்த்த ‘ட’ வடிவில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைக்கவேண்டும். ஒன்றைத் துடைத்த கம்பியாலும், மற்றொன்றை எண்ணெய்க் கையால் தடவிய கம்பியாலும் செய்து, சம்மட்டியால் அடித்துப் பிளந்து உடைந்த முகங்களை ஒப்பிடவேண்டும். இரண்டாவதில் துளைகள் மிகுந்து காணப்படும். வெளித்தோற்றத்தில் ஒத்திருந்த இரு இணைப்புகள் உள்ளே எவ்வளவு வேறுபட்டன என்பதைத் தம் கையால் உடைத்துப் பார்த்த மாணவர், பின்னர் எண்ணைப் பாராமலும் துடைக்காமலும் ஒரு கம்பியை எடுக்கமாட்டார்.